ஊசிக்கு மேல் ஒரு டம்ளர் பட்டைத்தண்ணி

"குப்பியக் காட்டுங்க."

ஜெயலெட்சுமி இதைச் சொன்னதும் டிஸ்பென்சரி ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோணமலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பால்பல் விழும் முன்னரே சொல்லிக்கொடுக்கிற சங்கதி ஒன்று உண்டு. டாக்டரய்யாவிடம் என்ன மருந்து என்று கேட்கக் கூடாது. கொடுத்ததைக் குடிக்க வேண்டும். ஊசி என்றால் திரும்பி நிற்க வேண்டும். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். கேட்டால் ஐயாவுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால், நாளைக்குக் காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்போது இந்த ஜன்னல் திறக்காது. அன்று விடியற்காலையில்கூட அம்மா இராக்கம்மா மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் முகம் கழுவிக்கொண்டே இதைத்தான் சொன்னாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு லெச்சுமி. ஒனக்கென்ன, நீ திரும்பிப் பேராதனைக்குப் போயிருவ. நான் இங்கதான கெடக்கணும்."

டாக்டரய்யா என்று தோட்டமே கூப்பிட்ட சிவஞானம் டாக்டர் அல்ல. மருந்து கலக்கப் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்தக் குளிரிலேயே தலை நரைத்துப் போன டிஸ்பென்சர். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"என்ன கேட்டனீர் பிள்ளை?"

"எங்கம்மாவுக்கு இப்பப் போட்டீங்களே, அந்த ஊசி மருந்து. பேரப் பாக்கணும்."

"பேரைப் பாத்து என்ன செய்யப் போறீர்? உம்மட பிள்ளைக்கு வைக்கப் போறீரோ?"

"அதுக்கு மொதல்ல மாப்பிள்ள வேணுமுங்கய்யா" என்றாள் வரிசையில் ஒருத்தி. அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெடித்தது.

ஜெயலெட்சுமி சிரிக்கவில்லை. ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "காட்டாம நான் நகர மாட்டேன்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. அது எழுபத்து நாலாம் ஆண்டு. மாவுக்கும் அரிசிக்கும் நாடே நாயாய் அலைந்த வருஷம். வரிசை வீடுகளான லயங்களில் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றார்கள். பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. வீட்டுக்கு ஒருவருக்காவது இரத்தமும் சளியுமாக வயிற்றோட்டம். வரிசையில் நின்ற பாதிப் பேர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். சிவஞானம் அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு பீங்கான் கிண்ணத்தில் கிடந்த கழுத்தொடிந்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து, கட்டையின் மேல் பட்டென்று வைத்தார்.

"பாரும். பாத்திட்டு வழியை விடும்."

எழுத்து இங்கிலீஷில் இருந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

எமெட்டின்.

அவள் அந்தக் குப்பியைக் கேட்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று அம்மா. மற்றது, உண்மையைச் சொன்னால், ஒரு வேலை. தோட்டத்தில் ஊசி போட்டதும் ஒரு டம்ளர் மருதம்பட்டைக் கஷாயம் கொடுப்பார்கள், ஊசி நெஞ்சைத் தாக்காமல் பட்டை காக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள் என்று, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரிடம் அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன ஊசி என்று கேட்டார். தெரியாது என்றாள். போய் விசாரித்துக்கொண்டு வா, குடித்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வா, உதவியாளர் இடம் ஒன்று இருக்கிறது என்றார். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவளுக்குப் பேராதனையில் ஒரு மேசையும் நாற்காலியும்! பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

இப்போது மேசையும் இல்லை நாற்காலியும் இல்லை. பாடத்தில் கேட்டது மட்டும் காதுக்குள் கணீரென்று ஒலித்தது. எமெட்டினும் ஒரு செடியின் வேரிலிருந்து வருவதுதான். குடலில் இருக்கும் கிருமியைக் கொல்லும். உடம்பில் மெல்லச் சேர்ந்து இதயத்தின் தசையையும் தின்னும். இந்த ஊசி போடும் நாளெல்லாம், போட்டு முடித்த பிறகும் சில நாள், நோயாளி படுத்த படுக்கையாய்க் கிடக்க வேண்டும். எழுந்து நடந்தால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம்.

அம்மா ஊசி போட்ட கையோடு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தாள். நேற்றும் போனாள். முந்தாநாளும் போனாள்.

"படுக்கச் சொன்னீங்களா?" என்றாள். "இந்த ஊசி போட்டவங்கள யாரையாச்சும் படுக்கச் சொன்னீங்களா?"

சிவஞானம் குப்பியை எடுத்துக் கிண்ணத்தில் திரும்பப் போட்டார். "அதுக்குத்தானே பட்டைத்தண்ணி குடுக்கிறன். அது இருதயத்துக்குக் காவல். விலகும் பிள்ளை. அடுத்த ஆள்!"

"ஆமா புள்ள, கசப்பா இருந்தாலும் நெஞ்சக் கல்லாட்டம் ஆக்கிப்புடும்" என்று பின்னால் நின்றவள் அவளை மெதுவாகத் தோளால் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால், கூட்டிப் பெருக்கும் பெரியாயி சாம்பலைப் போட்டு டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுப்பின் மேல் பெரிய கேத்தலில் பட்டை கொதித்தது. செங்காவி நிறத்தில் துவர்ப்பு வாடை.

"என்னாடி, பேயறஞ்ச மூஞ்சியா வர்ற?"

"பெரியாயி அக்கா, இந்த ஊசி போட்டுக்கிட்டு இங்க யாராச்சும் படுத்திருக்காங்களா?"

"நல்லாக் கேட்ட போ! இவளுக படுத்துக்கிட்டா மலைக்கு யாரு போறது, தொரைசானியா?" பெரியாயி தன் பகிடிக்குத் தானே சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "படுத்தது ஒரே ஆளு. நம்ம ஐயா" என்றாள்.

"எந்த ஐயா?"

"எத்தன ஐயா இருக்காரு? இவருதான். போன மழைக்கு அவருக்கும் இதே வயித்தோட்டம். இதே குப்பிதான் புள்ள. பசறைப் பக்கமிருந்து அவரு கூட்டாளி ஒருத்தரு வந்து போட்டு விட்டாரு. அம்மாடி, படுத்தாரு பாரு! கட்டில விட்டு ஒரு கால் கீழ வைக்கணுமே? ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் சட்டியில. நான்தான தூக்கிக் கொட்டுனேன். எந்திரிச்சு ஒக்காரப் போனாக்கூட அந்தக் கூட்டாளி சத்தம் போடுவாரு. ஊசியெல்லாம் முடிஞ்ச பெறகும் அப்படியே கெடந்தாரு."

"பட்டைத்தண்ணி குடிச்சாரா?"

"நானே கொண்டு போயி நீட்டுனேன். 'அது உங்களுக்கு'ன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு." பெரியாயி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "பெரிய மனுசங்க ஒடம்பு வேறடி. பாலும் நெய்யும் தின்ன ஒடம்பு, படுக்கை கேக்கும். நம்மளுது அப்படியா? படுத்தாத்தான சீக்கே வரும்."

ஜெயலெட்சுமி கேத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவஞானம் படுத்துக் கிடந்தது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மறைவாக நடந்த காரியமா அது? சட்டி தூக்கியவள் பகிடியாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள், லயமே கேட்டுச் சிரித்திருக்கிறது. ஆனால் அந்தப் படுக்கைதான் மருந்து என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது ஐயாமாருடைய வசதி, அவருடைய நாற்காலி மாதிரி, காலில் மாட்டும் கால்மேஸ் மாதிரி. ஐயாமாருக்குப் படுக்கை, தங்களுக்குப் பட்டை. யாரும் கட்டளை போடாமலே அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள்.

ராசம்மா அத்தையின் நினைப்பு அப்போதுதான் வந்தது. அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள். போன மாதம் கூடையும் தலையுமாகச் செடிக்குள் விழுந்து செத்துப் போனாள். முனி அடித்துவிட்டது என்றார்கள்.

அவள் மலைக்கு ஓடினாள்.

ஏற்றம் மூச்சை வாங்கியது. நல்ல உடம்புள்ள தனக்கே இப்படி இருக்க, அம்மா இதை எப்படி ஏறினாள் என்ற நினைப்பு ஒவ்வோர் அடியிலும் உறைத்தது. மேல்மலையில் இராக்கம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, உதடு வெளுத்துப்போய், இரண்டு கையாலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குளிர்காற்று வீசுகிற மலையில் வியர்வை.

"அம்மா, கூடைய எறக்கு."

"ஏன், நீ எடுக்கப் போறியா? பேராதனையில கொழுந்து எடுக்கவும் படிச்சுக் குடுத்தாங்களா?"

அக்கம்பக்க நிரைகளில் சிரிப்பு எழுந்தது. ஜெயலெட்சுமி அம்மாவின் கையைப் பறித்து நாடியைப் பிடித்தாள். நாடி ஓடியது, இடறியது, பிறகு மறுபடி ஓடியது. இன்னொரு தரம் இடறியபோது அவளுடைய கை தானாக விலகிவிட்டது.

"நெஞ்சு படபடங்குதாம்மா?"

"ஏறி வந்தா எவளுக்குத்தான் படபடக்காது? அதான் பட்டைத்தண்ணி குடிச்சிருக்கேன்ல."

மேலே பாதையில் நின்ற நல்லையா கங்காணி குரல் கொடுத்தார். "என்னா லெச்சுமி, மலைக்கே வந்துட்ட? வேலைக்குப் பேர் போட்டுரவா?"

"மாமா, அம்மா படுக்கணும். ஊசி போட்டவங்க எல்லாரும் படுக்கணும். அந்த மருந்து நெஞ்சத் தின்னுரும்."

"தின்னக் கூடாதுன்னுதான பட்டை. காலையில பெரட்டுக்கு வந்தாச்சு. ஊசி போட்டு, டம்ளரு குடிச்சு, ஆளு சொகம்னு பேரும் விழுந்தாச்சு. இனி ஆளக் காணோமுன்னா தொரைக்கு நான் என்னா பதில் சொல்ல?"

அதுதான் நடைமுறை. விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும்போது, நோயாளியும் வந்து முகம் காட்ட வேண்டும். முன்பெல்லாம் சீக்கு என்றால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போனது போனதுதான். பட்டைத்தண்ணி வந்த பிறகு புது வழக்கம் வந்தது. டம்ளரைக் குடித்தவள் சுகமானவள். பேர் உண்டு, மலையும் உண்டு. இதயத்துக்குக் காவல் என்று வந்த கஷாயம் ஆளை மலைக்கு ஏற்றிவிடும் சீட்டாகிவிட்டது. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்ததால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

"ராசம்மா அத்தைக்கும் இதே ஊசிதானம்மா?"

இராக்கம்மாவின் விரல்கள் செடிமேல் நின்றன. "அவளுக்கு முனி அடிச்சது."

"ஐயாவுக்கு ஏன் முனி அடிக்கல? அவரு படுத்தாரு. பட்டையத் தொடவே இல்ல, படுத்தே கெடந்தாரு. நீயும் படுத்தாப் பொழைப்ப."

"அவரு ஐயா" என்றாள் இராக்கம்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இங்க பாரு. என்னையச் சேத்து இந்த மலையில எத்தன பேரு ஊசியப் போட்டுக்கிட்டு நிக்கிறாளுக. அந்தா அவளுக்குக் கைப்புள்ள. படிச்ச மக இருக்கான்னு நான் மட்டும் போயிப் படுத்துக்கிட்டா நாளைக்கு எவ மூஞ்சியில முழிப்பேன்? படுத்தா எல்லாரும் படுக்கணும். நடக்குற காரியமா அது? போ. போயி அந்தக் கெழங்க அவிச்சு வையி."

சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். நகரும்போது ஒரு கையைச் செடியில் ஊன்றி, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று நிமிர்ந்து, பக்கத்து நிரைக்காரியிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

ஜெயலெட்சுமி மலையிறங்கி மறுபடி டிஸ்பென்சரிக்கு வந்தபோது வரிசை கலைந்திருந்தது. சிவஞானம் உள்ளறையில் சோற்றுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். இதுவும் கூடாத காரியம்தான்.

"நீங்க படுத்தீங்க" என்றாள்.

அவர் வாய்க்குக் கொண்டு போன கையைக் கீழே இறக்கினார்.

"இந்த ஊசிய உங்களுக்குப் போட்டப்ப நீங்க படுத்தீங்க. சட்டியில ஒண்ணுக்குப் போனீங்க. எங்கள மலைக்கு அனுப்புறீங்க."

"கதவைச் சாத்தும்."

"சாத்த மாட்டேன்."

சிவஞானம் எழுந்து தானே கதவைச் சாத்தினார். அவர் கத்துவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கத்தவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"முதல் முதல் நான் எல்லாரையும் படுக்கத்தான் சொன்னன் பிள்ளை. ஆருக்கும் தெரியாது அது. பெரிய துரை கூப்பிட்டுக் கேட்டார், கொழுந்து முத்திப் போகுது, உன்ர ஆஸ்பத்திரியில ஆக்கள் நித்திரை கொள்ளுகினமோ எண்டு. கட்டில் நாலுதான் இருக்கு. வருத்தக்காரர் எத்தினை பேர் எண்டு நீரே பாத்தனீர். இதுக்கு வேறை குளிசை மருந்து வருகுதில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துப் போனன். ஊசி போடாட்டி இரத்தம் போய்ச் சாகுங்கள். போட்டா... இப்பிடி."

"அதுக்குப் பட்டையா?"

"எங்கட ஊரில நெஞ்சு வருத்தத்துக்கு மருதம்பட்டை குடிக்கிறவை. பதுளையில புஹாரி நானாட மருந்துக் கடையில சொல்லி விட்டன், கட்டுக் கட்டா அனுப்பினார். சும்மா அனுப்பிறதிலும் பாக்க ஏதோ ஒண்டைக் குடுத்து அனுப்புவம் எண்டு நினைச்சன். கெடுதல் செய்யாது."

"நல்லது செய்யுமா?"

"செய்தாலும் செய்யும். ஆர் கண்டது? நீர்தானே படிச்சனீர், நீர் சொல்லும்."

பலவீனமான இதயத்துக்குப் பட்டை நல்லது என்று வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள், பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நஞ்சுக்கு முன்னால், இந்த ஏற்றத்துக்கு முன்னால், ஒரு டம்ளர் கஷாயம் நிற்குமா? அதை யாரும் பார்க்கவில்லை. அவள் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னபோது அவளும் பார்க்கவில்லை.

"அப்ப நீங்க ஏன் குடிக்கல?"

சிவஞானம் சோற்றுக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் படுக்க இடம் இருந்தது" என்றார்.

வெளியே பெரியாயி கேத்தலை இறக்கும் சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமிக்கு அழுகை வரவில்லை. மண்டைக்குள் ஏதோ விறைத்துப்போய், அறையில் இருந்த மேசையும் மருந்துப் போத்தல்களும் அவர் முகமும் எட்டத்தில் தெரிந்தன.

அவர் குரலைத் தணித்தார். "சரி. நடந்தது நடந்து போச்சு. உம்மட அம்மாவைப் பின்னேரமே கூட்டிக்கொண்டு வாரும். ஒரு கட்டில் ஒதுக்கித் தாறன். ஊசி முடியுமட்டும் படுக்கட்டும், துரைக்கு நான் வேறை வருத்தம் எண்டு சொல்லிச் சமாளிக்கிறன். நீர் இதை வெளியில கதைக்காதேயும். அவ்வளவுதான். உமக்குப் பேராதனைக்கு ஏதோ எழுத வேணும் எண்டு கேள்விப்பட்டன். பட்டை குடிச்ச ஆக்களின்ர விபரம் முழுக்க நான் சொல்லுறன். பட்டை நெஞ்சைக் காத்தது எண்டு எழுதும். உத்தியோகம் கிடைக்கும். நல்லா இருப்பீர்."

அம்மாவுக்குக் கட்டில். அவளுக்கு மேசை. எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஒரு நொடி அவள் அந்தக் கட்டிலில் அம்மாவைப் படுக்க வைத்தே பார்த்துவிட்டாள். கம்பளியை இழுத்துக் கழுத்துவரை போர்த்தியும் விட்டாள்.

"ராசம்மா அத்தையையும் எழுதலாமா?"

"அவளை விடும்."

"குடிச்சாங்களா, குடிக்கலயா? அத மட்டும் சொல்லுங்க."

சிவஞானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "குடிச்சவள்" என்றார். "குடிச்சிட்டு, நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது ஐயா, இன்னொரு டம்ளர் தாங்கோ எண்டு கேட்டவள். குடுத்தன். வாயைத் துடைச்சுக்கொண்டு கூடையைத் தூக்கினவள்."

ஜெயலெட்சுமி அவரையே பார்த்தாள். அந்த மனுசன் இதை இவ்வளவு நாளும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, விடிந்ததும் அதே கேத்தலை அடுப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்.

"இப்ப எங்கூட வாங்க" என்றாள். "கொழுந்து நிறுக்க எல்லாரும் மடுவத்துக்கு வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க. நான் படுத்தேன், படுத்ததுதான் மருந்து, பட்டை இல்லன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் நம்புவாங்க."

"விசர்க்கதை கதைக்காதேயும். என்ர வேலை போயிடும். நாளைக்கு ஒருத்தரும் மலைக்கு ஏறாட்டி துரை என்ன செய்வார் தெரியுமோ? ஊசியையும் நிப்பாட்டிப் போடுவார். பிறகு எல்லாரும் வயித்தாலேயே சாக வேண்டியதுதான். முழுச் சனத்துக்கும் கட்டில் குடுக்க உம்மால ஏலுமோ? ஒரு கட்டில் தாறன் எண்டு சொல்லுறன். அம்மாவைக் காப்பாத்தும் பிள்ளை."

"எங்கம்மா தனியாப் படுக்காது" என்றாள் அவள். "எல்லாரும் படுத்தாத்தான் படுக்கும். அதுக்கு உங்க கட்டில் தேவையில்ல. லயத்துக் காம்பராவுல பாய் இருக்கு. அத்தன காம்பராவுலயும் இருக்கு."

"நீர் சொன்னா ஆர் கேக்கப் போகினம்? கலியாணம் கட்டாத பெட்டை, படிச்ச திமிரில கதைக்கிறாள் எண்டுதான் சொல்லுவினம்."

"சொல்லட்டும்."

அவள் கதவைத் திறந்தாள். அடுப்படியில் பெரியாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கதவு சாத்தியிருந்தும் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்று முகம் சொன்னது.

"நெசமாவாடி?" என்றாள் பெரியாயி. "நான் தூக்குன சட்டியா மருந்து?"

"மடுவத்துக்கு வாக்கா. வந்து நீ பாத்தத அப்படியே சொல்லு. சிரிக்காமச் சொல்லு."

"ஐயா என்னைய வேலைய விட்டு..."

"அப்ப வராத. நான் சொல்றேன்."

உள்ளேயிருந்து சிவஞானம் அவள் பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மேல்மலையிலிருந்து பெண்கள் கூடையோடு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வரிசையில் அம்மா யார் என்று இங்கிருந்து தெரியவில்லை. ஜெயலெட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மடுவத்துப் பாதையில் நடந்தாள்.